செய்த வேலையை எழுதுங்கள்

பட்டம் பெறும் செல்வங்களே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று மாலை பட்டச் சுருளோடு எடுத்த படத்தை எல்லா இடத்திலும் போடுவீர்கள். போடுங்கள், அம்மா அப்பாவுக்கு அது பெருமை. நாளைக்கு லிங்க்ட்இன்னைத் திறந்து உங்கள் பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்சாலைகளில் ஆள் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்துப் பேரின் பக்கங்களைப் படித்தால் ஒரே ஆளைப் படித்ததுபோல் இருக்கிறது. 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன், கற்க ஆர்வமுள்ளவன்.' இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

கோலக்கெட்டில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் நேர்முகத்துக்கு வந்தார். அவருடைய லிங்க்ட்இன் பக்கத்திலும் இதே வரிகள்தான். "செமஸ்டர் விடுமுறையில் என்னம்மா செய்தாய்?" என்று கேட்டேன். "சும்மா பார்ட் டைம் சார், சுங்கை பட்டாணியில் ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில்" என்றார். விடாமல் கேட்டேன். பிறகுதான் கதை வந்தது. இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் ரிஜெக்ட் அதிகமாவதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, மணி, இயந்திர எண், அச்சின் சூடு, கழித்த உருப்படிகள் என்று தினமும் எழுதியிருக்கிறார். ஒரே ஓர் இயந்திரத்தில்தான் கோளாறு என்று தெரிந்ததும் சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறார். அதன் குளிர்நீர்க் குழாய் அடைத்திருந்தது. ஒரு பொறியாளருக்கு வேண்டிய குணம் அத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அவர் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அதெல்லாம் பெரிய விஷயமா சார்?" என்றார்.

பெரிய விஷயம்தான். செய்ததை அடக்கமாக மறைப்பது நம் வீடுகளில் பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் தோட்டத்துப் பிள்ளை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, பால்மரம் வெட்டிய கைகள் என்னைப் படிக்க வைத்தன. நான் மாணவனாக இருந்தபோது ஒரு நன்னடத்தைச் சான்றிதழுக்காக அப்பா, தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் வீட்டு வாசலில் காத்து நிற்பார். நம்மைப் பற்றி எழுதும் பேனா எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது. அதற்கும் முந்தைய தலைமுறையை, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி இந்தியாவில் தம் ஊருக்குப் போய் அழைத்து வந்தார்; அவருக்குத் தெரிந்த ஊர், தெரிந்த உறவு, அதுவே வேலைக்கு வழி. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் தெரிந்தவர் மூலம் வேலை என்ற வழக்கம் நிற்கவில்லை. மாமா எந்த பேக்டரியில் இருக்கிறாரோ அங்கேதான் மருமகனும், அதே லைனில்.

மாமாவை மதியுங்கள். ஆனால் மாமாவுக்குத் தெரிந்த வேலை பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்த வேலையே. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதை 1973இலேயே எழுதினார்: புதிய செய்தி நெருங்கியவரைவிட லேசாகப் பழகியவரிடமிருந்தே அதிகம் வருகிறது. 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு லிங்க்ட்இன்னில் இருக்கும் 2 கோடிப் பேரிடம் இதைச் சோதித்தது. மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்களே வேலை மாற அதிகம் உதவினார்கள். பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு இயந்திரம் காட்டிய பொறியாளர், மூன்று வருடம் மூத்த அக்கா, ஒரு பாடம் மட்டும் நடத்திய விரிவுரையாளர், இவர்களுக்கு எழுதுங்கள். வேலை கேட்காதீர்கள், அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள்.

வேலையும் தூரத்தில் இல்லை. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியான் அங்கே சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது. உலகம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. வாசலில் நிற்பவர் யார், என்ன செய்யத் தெரிந்தவர் என்று அதற்குத் தெரிய வேண்டாமா?

வரும் வேலையெல்லாம் உண்மையல்ல என்பதால், பெற்றோருக்காக ஓர் எச்சரிக்கை. முன்பணம் கேட்பவனும், கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்பவனும் வேலை தருபவன் அல்ல. போலி வேலையை நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மாட்டிக்கொண்ட மலேசியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை வந்ததாகச் சொன்னால், அந்த நிறுவனத்துக்கு நேரே போன் செய்து உண்மைதானா என்று கேளுங்கள்.

செல்வங்களே, செய்யாததை எழுதாதீர்கள், செய்ததை விடாதீர்கள். எண்ணோடு, இடத்தோடு, என்ன மாறியது என்பதோடு எழுதுங்கள். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். வேலையில் அமர்ந்த பிறகு, உங்கள் தோட்டத்திலிருந்து அவ்வளவாகப் பழகாத ஒரு தம்பியோ தங்கையோ செய்தி அனுப்பினால், அன்றைக்கே பதில் போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓரளவு பழக்கமான அந்த ஆள் நீங்கள்தான்.