அடுத்தவர் முதுகில் விழும் அடி



ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் இந்தத் தென்காசிக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். சங்கிலி பூதத்தார் முன்னால் இரும்புச் சங்கிலியால் தன் மார்பில் தானே அடித்துக்கொள்கிற பக்தரைப் பார்த்திருப்பீர்கள். அவரை எதிர்த்துப் பேச நான் மேடை ஏறவில்லை. அவர் உடம்பு, அவர் நேர்த்திக்கடன். வலி பொறுக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளவும் அவரால் முடியும்.

நான் எதிர்ப்பது அடுத்தவர் முதுகில் விழுகிற அடியை! பவித்திரம் வெள்ளாளப்பட்டி அச்சப்பன் கோயிலில் விஜயதசமி அன்று பெண்கள் வரிசையாக மண்டியிட்டுக் கைகளை உயர்த்துகிறார்கள், சாட்டை விழுகிறது. பேய் ஓடுமாம், கல்யாணம் கூடுமாம், பிள்ளை பிறக்குமாம். ‘அவர்களே விரும்பித்தானே வருகிறார்கள்’ என்பார்கள். வருஷக்கணக்காக ‘மலடி’ என்று ஏச்சு வாங்கியவளுக்கு ஏதய்யா விருப்பம்? பிள்ளை இல்லாத குறை புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பொது. சாட்டை மட்டும் ஏன் அவளுக்கு?

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஒருத்தி தூங்காமல் பிதற்றினால் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். வேப்பங்குழையில் தொடங்குகிறது, பிரம்பில் முடிகிறது. பிரசவத்துக்குப் பின் வருகிற மனநோய் அது, மருந்தில் தீரும். வலிப்பு வந்த பையனுக்கும் அதே பிரம்பு. அலறினால் ‘பேய் அலறுகிறது’ என்கிறோம். அலறுவது நம் பிள்ளை!

இதைச் சொன்னால் சாமியில் கை வைக்கிறான் என்று கோபப்படுகிறவர்கள் வரலாற்றைக் கேளுங்கள். 1260-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் தொடங்கி, கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் அது ஐரோப்பாவின் பல பகுதிகளில் பரவியது. தடுத்தது யார்? 1349-இல் போப் ஆறாம் கிளமெண்ட்! முஹர்ரத்தில் தலையைக் கீறி ரத்தம் சிந்துவதை 1994-இல் கூடாதென்றவர் ஈரானின் காமெனி. மதத் தலைவர்களே மதத்தின் பெயரால் நடந்ததைத் தடுத்திருக்கிறார்கள். அதனால் எந்தச் சாமியும் குறைந்துபோகவில்லை.

தடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6, தர்கா இருக்கிற ஏர்வாடி. மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள், தோழர்களே! அதற்குப் பிறகுதான் நாடு விழித்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது. அதே ஏர்வாடியில் தர்காவை ஒட்டியே மருத்துவர் உட்கார்ந்தார். துஆவும் நடந்தது, மாத்திரையும் கிடைத்தது.

அதைத்தான் இங்கே கேட்கிறேன். மனம் கலங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் சங்கரன்கோவிலுக்கு வருகிறார்கள், பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள், தலையில் தண்ணீர் விழுந்தால் தெளியும் என்று குற்றால அருவிக்கும் வருகிறார்கள். வரட்டும், கும்பிடட்டும், குளிக்கட்டும். அந்த மூன்று இடத்திலும் மனநல மருத்துவர் ஒருவரை அரசு உட்கார வைக்க வேண்டும். கோடாங்கி பிரம்பை எடுத்தால் ஊர்க்காரர்கள் நாமே போய்க் கையைப் பிடிக்க வேண்டும். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நாளைக் காலையில் கலெக்டர் ஆபீசுக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்!