98 நாளும் 7 நாளும்



காலை ஆறரை மணிக்குச் சாலாக் செலாத்தான் நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் ஏறும் தாய்மார்கள் பலர், அதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள். சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்படுத்தி, அதன் பிறகே அலுவலகம். மாலையில் வீடு திரும்பியதும் மீண்டும் அதே வேலை. தூக்கம் குறைகிறது, சின்னச் சொல்லுக்கும் கோபம் வருகிறது. அலுவலகத்தில் அதற்கு வைக்கும் பெயர், "வேலையில் கவனமில்லை".

மலேசியாவில் 2023-இல் ஆண்களில் சுமார் 83 விழுக்காட்டினர் தொழிலாளர் சந்தையில் இருந்தனர். பெண்களில் சுமார் 56 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களை வீட்டோடு நிறுத்தும் முக்கியக் காரணம் குடும்பப் பொறுப்பு. அதே 2023-இல் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கூறியது. 2019-இல் அது 2.3 விழுக்காடு.

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளானது. தனியார் துறையில் மணமான ஆண்களுக்கும் முதல் முறையாக 7 நாள் விடுமுறையைச் சட்டம் உறுதி செய்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் எட்டாம் நாள் தந்தை வேலைக்குப் போனதும், பிள்ளை தாயின் பொறுப்பு என்பது சொல்லாமலே முடிவாகிவிடுகிறது.

இதைச் சற்றே சரிசெய்ய அதே சட்டத்தில் வழியுண்டு. வேலை நேரத்தை, நாளை, இடத்தை மாற்றித் தருமாறு தொழிலாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆயினும் கேட்கும் உரிமை ஆணுக்கும் உண்டு.

பெண்கள் மட்டுமே கேட்டால், "பெண்களை வேலைக்கு வைத்தாலே தொல்லை" என்ற பேச்சு வரும். ஆண்களும் கேட்டால் அது அலுவலக வழக்கமாகிவிடும். கணவர் வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையைப் பள்ளியில் விட்டால், மனைவிக்கு இரண்டு காலைகள் மிச்சம். மன நலம் இப்படிப்பட்ட சின்ன மிச்சங்களில்தான் தொடங்குகிறது.

அதையும் மீறி மனம் தளர்ந்தால், ஆணோ பெண்ணோ, சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணியிடச் சமநிலை என்பது நாற்காலிகளை எண்ணுவது மட்டுமல்ல. வீட்டுச் சுமையில் பாதியை யார் தூக்குகிறார் என்பதும் அதில் அடங்கும்.