கோட்டைக்குள் தொடங்கிய போர்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, தறியையும் ஷூ கம்பெனி வேலையையும் ஒருநாள் விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரே,

நான் வரலாறு கற்பித்தவன். உங்கள் கையில் தர என்னிடம் இருப்பதும் வரலாறுதான். அதுவும் வெகுதூரத்தில் நடந்ததல்ல. குடியாத்தத்தில் பஸ் ஏறி வேலூரில் இறங்கினால் அதன் முதல் பாதி, ஆம்பூரில் இறங்கினால் மறுபாதி.

வேலூர்க் கோட்டையைச் சுற்றியிருக்கும் அகழியையும் கருங்கல் மதிலையும் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். 1742-இல் அந்தக் கோட்டைக்குத் தலைவர் முர்தசா அலி. ஆற்காட்டு நவாப் சஃப்தர் அலியின் சகோதரியை மணந்தவர் அவர். இன்னொரு சகோதரியை மணந்தவர் சந்தா சாகிப். முன்பு திருச்சிராப்பள்ளி அவர் கையில் இருந்தது. 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரோடு நடந்த சண்டையில் குடும்பத்தின் மூத்தவர் தோஸ்த் அலி மாண்டார். பிள்ளையும் மருமக்களும் தோளோடு தோள் நின்றிருக்க வேண்டிய நேரம் அது. சஃப்தர் அலியோ தந்தையைக் கொன்ற மராத்தியரோடு ரகசியமாகப் பேசினார். சந்தா சாகிப்பின் செல்வாக்கை ஒழிப்பதுதான் அந்தப் பேச்சின் உட்பொருள். மறுவருடம் மராத்தியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறைப்படுத்திக் கொண்டுபோனார்கள்.

அதோடு முடியவில்லை. முர்தசா அலி செலுத்தவேண்டிய நிலுவைப் பணத்தைக் கேட்டு சஃப்தர் அலி வேலூருக்கு வந்தார். 1742 அக்டோபரில், அந்தக் கோட்டைக்குள்ளேயே, மைத்துனரின் ஆட்களால் கொல்லப்பட்டார். முர்தசா அலி தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டார். படை ஏற்கவில்லை, ஆற்காட்டிலிருந்து வேலூருக்கே தப்பி ஓடிவந்தார். 1744-இல் சஃப்தர் அலியின் சிறுவயது மகனும் ஆற்காட்டில் கொல்லப்பட்டான். ஹைதராபாத் நிஜாம் அனுப்பிய அன்வருதீன் நவாப் ஆனார். அந்த வீட்டின் கையிலிருந்து ஆட்சி நழுவியது இப்படித்தான். அகழியில் முதலை விட்டு என்ன பயன், மதிலை உயர்த்தி என்ன பயன்?

இனி ஆம்பூர். நிஜாம் 1748-இல் இறந்ததும் அவர் வீட்டில் மகனுக்கும் பேரனுக்கும் வாரிசுச் சண்டை. பேரன் முசஃபர் ஜங்கோடு, மராத்தியரிடமிருந்து விடுதலையான சந்தா சாகிப் சேர்ந்துகொண்டார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே தம் படையை அனுப்பினார். முதியவரான அன்வருதீன் ஆம்பூர்க் கணவாயை அடைத்து அரண் அமைத்து நின்றார். போர் அறிவு உள்ள எவரும் அந்த இடத்தைத்தான் தேர்ந்திருப்பார். அதில் அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு தாக்குதல்களை அவருடைய ஆட்கள் முறியடித்தார்கள். மூன்றாவதில் அரண் உடைந்தது. 1749 ஆகஸ்ட் 3 அன்று யானைமேல் இருந்தபடியே அவர் சுடப்பட்டு இறந்தார். மூத்த மகன் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். ஆங்கிலேயரின் துணையைத் தேடினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தா சாகிப் 1752-இல் சரணடைந்த இடத்தில் கொல்லப்பட்டார். முகமது அலி வென்றார். வென்ற கையோடு கடனில் மூழ்கினார். 1801-இல் ஆற்காட்டு நவாப் ஆண்ட கர்நாடக நாட்டின் நிர்வாகமும் வரிவசூலும் முழுதாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின.

இந்த உட்பகை நம் மண்ணுக்கு மட்டும் வந்த நோயன்று. கி.மு. 406-இல் ஆர்கினூசே தீவுகளுக்கு அருகே ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவை வென்றது. புயலில் சிக்கிய மாலுமிகளைக் காப்பாற்றவில்லை என்று, வென்ற தளபதிகள்மீதே மக்கள் மன்றத்தில் குற்றம் சாட்டினார்கள். எல்லோரையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தண்டிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று எதிர்த்து நின்றவர் சாக்ரடீஸ். யாரும் கேட்கவில்லை. ஆறு தளபதிகளைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே ஈகோஸ்பொட்டாமியில் கடற்படை அழிந்தது. கி.மு. 404-இல் ஏதென்ஸ் சரணடைந்தது. அந்த ஆறு பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மாணவர்களே, தன் பக்கத்து ஆளோடு பிணக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆற்காடும் ஏதென்ஸும் சொன்ன பதில் ஒன்று. இன்னொரு பதிலும் உண்டு. அதற்கு இந்த ஊரே சாட்சி.

1954-இல் ராஜாஜி பதவி விலகியபோது, சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். கட்சிக்குள் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த கோஷ்டிப் பூசலின் உச்சம் அது. காமராஜர் வென்றார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவையை அமைத்தார். அதில் சுப்பிரமணியத்துக்கும் இடம், பக்தவத்சலத்துக்கும் இடம். சட்டமன்ற உறுப்பினராக இல்லாத முதலமைச்சர், அதே ஆண்டு இடைத்தேர்தலில் நிற்கத் தேர்ந்த தொகுதி குடியாத்தம். எதிர்முகாமில் இருந்த திராவிடர் கழகமும் திமுகவும்கூட அவருக்குத் துணைநின்றன. உங்கள் முன்னோர் ஓட்டுப் போட்டு அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

தன்னை எதிர்த்து நின்றவருக்குக் காமராஜர் கொடுத்த துறைகளில் நிதியும் உண்டு, கல்வியும் உண்டு. ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்ததும், 1956-இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு தொடங்கியதும் அந்த அமைச்சரவையில்தான். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளில் அந்தச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்குப் போனவர்கள் இருப்பார்கள். இன்று மாலை இந்தப் பட்டத்தை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். எந்தப் பள்ளியில் படித்தார்கள், தட்டில் என்ன போட்டார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.