பனிச்சரிவும் பாதுகாப்பும்

பனி என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் அச்சம் எழுவதில்லை. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியும், தை மாதத்தில் வயல்வெளியை மூடிக் கிடக்கும் மெல்லிய படலமுமே நாம் அறிந்த பனி. கதிரவன் ஒரு பனை உயரம் எழுவதற்குள் அது போன இடம் தெரிவதில்லை. இமயத்தின் முடிகளில் மாதக்கணக்கில் கிடந்து, ஒருநாள் மலைச்சாரலையே பெயர்த்துக்கொண்டு இறங்கும் வெண்பனிக்கும் நாம் அதே பெயரைத்தான் வழங்குகிறோம். பெயர் ஒன்றாயினும் பொருள் முற்றிலும் வேறு.

அந்த வேற்றுமையை 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தமிழ்நாடு நேராக உணர நேர்ந்தது. சியாச்சின் பனியாற்றின் வடபகுதியில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் அமைந்த சோனம் என்னும் காவல் நிலையத்தின்மேல் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்துடன் அங்கே பணியிலிருந்த பத்து வீரர்கள் அதனுள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்களுக்குப் பின், சுமார் 25 அடி ஆழத்தில், கருநாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டி நின்றது. பிப்ரவரி 11-ஆம் நாள் டில்லி மருத்துவமனையில் அவரும் உயிர் நீத்தார்.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது, "திடீரென்று வந்துவிட்டது" என்று சொல்லி நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். உண்மையிலேயே அது திடீரென்று வருகிறதா? உறைந்து இறுகிய பனிச்சுவர் இடிவதை முன்னறிவது மிகவும் அரிது. ஆனால் இமயத்தில் நேரும் பெரும்பாலான பனிச்சரிவுகள் வேறு வகையின. அவை வாரக்கணக்கில் தம்மை ஆயத்தம் செய்துகொண்டே வருகின்றன. அந்த ஆயத்தத்தைக் கண்டு சொல்வதற்கென்றே நம் நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதன் பணியைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், இமயத்தின் உயர்ந்த கணவாய்களில் குளிர்காலத்திலும் படைவீரர்கள் தங்கவேண்டிய நிலை உண்டாயிற்று. அவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்லச் சாலைகள் தேவைப்பட்டன. சாலை அமைப்போரும் வண்டி ஓட்டுவோரும் வெண்பனியின் வழியிலேயே நடமாட வேண்டியிருந்தது. இந்நிலையில் 1969-ஆம் ஆண்டில், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள மணாலியில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் தோன்றியது. 2020-ஆம் ஆண்டில் அது நிலப்பரப்பை ஆராயும் மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பெற்று, பாதுகாப்புப் புவித் தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் புதுப் பெயர் பெற்றது. அதன் தலைமையகம் சண்டிகரில் உள்ளது. பெயர் மாறினும் பணி மாறவில்லை.

சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் 1936-ஆம் ஆண்டிலேயே தாவோஸ் நகருக்கு மேலுள்ள மலையில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கிவிட்டனர். அவர்கள் கண்ட உண்மைகளை அப்படியே பெயர்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இமயம் ஒரே மலையன்று. தெற்கே பீர் பஞ்சால் தொடரில் பொழிவு மிகுதி, குளிர் சற்றுக் குறைவு. அங்கே பனி ஈரப்பதத்துடன் விரைவில் இறுகுகிறது. நடுவே பெரிய இமயத்தொடர் ஒரு தன்மையது. வடக்கே காரகோரத்தில் கடுங்குளிர். பனி உலர்ந்த பொடியாய், நெடுநாள் ஒட்டாமலே கிடக்கிறது. மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒரே வாரத்தில் இம்மூன்றையும் தாக்கினாலும், மூன்றிலும் விளைவு மூன்று விதமாகும். ஆகவே நம் மலையை நாமே படித்தாக வேண்டியிருந்தது.

பனிச்சரிவு உருவாகும் முறையைச் சிறிது காண்போம். பழைய வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மேலே பார்த்தால் ஒரே வெண்மை. பெயர்த்துப் பார்த்தால் ஒவ்வோர் ஏடும் வேறு. மலைச்சாரலில் கிடக்கும் பனியும் அவ்வாறே. ஒவ்வொரு பொழிவும் ஓர் ஏடு. புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ எடைக்கு மேல் பெரும்பாலும் இராது. காற்றடித்து இறுகியது 300 கிலோவையும் தாண்டும். இந்த ஏடுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வரையில் ஆபத்தில்லை.

ஆனால் தெளிந்த வானமும் கடுங்குளிரும் பல நாள் நீடிக்குமாயின், கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று உள்ளே நிகழ்கிறது. பனியின் அடியில் தரை ஏறத்தாழ உறைநிலையிலேயே இருக்கும். மேற்பரப்போ உறைநிலைக்கு 20 பாகை கீழே போகும். அடியிலுள்ள நீராவி மேல்நோக்கிச் செல்கிறது. அதனால் கீழ் ஏட்டின் மணிகள் உருமாறி, சீனியைப் போன்ற பெரிய பளிங்குத் துகள்களாகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இதன்மேல் அடுத்த புயல் இரண்டடி, மூன்றடிப் பனியைக் கொட்டுகிறது. சாய்ந்த பலகைமீது கடுகைப் பரப்பி, அதன்மேல் மற்றொரு பலகையை வைத்தால் என்னாகும்? அதுதான் மலைமீதும் நேர்கிறது. எங்கோ ஓரிடத்தில் அடியேடு முறிந்ததும், முறிவு நொடிப்பொழுதில் பக்கவாட்டில் ஓடி, மேலுள்ள பனி முழுவதும் ஒரே பலகையாய்ப் பெயர்கிறது. 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம் உள்ள சிறிய பலகையே ஆயிரம் டன் நிறை உடையது. உலர்ந்த பனியின் பெருஞ்சரிவுகள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் விரைவதுண்டு.

இவ்வகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சாரல்களிலேயே பிறக்கின்றன. அதைவிடச் சாய்வு மிகுந்தால் பனி தேங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும், குறைந்தால் வழுக்காது. உரக்கக் கூவினால் பனி சரியும் என்று கதைகளில் படிக்கிறோம், அது உண்மையன்று. குரலுக்கு அவ்வளவு வலிமை இல்லை. காலடியின் நிறைக்கு உண்டு. மலையேறுவோரும் பனியில் சறுக்கி விளையாடுவோரும் சிக்கிக்கொள்ளும் சரிவுகளில் பெரும்பான்மை, அவர்களுடைய அடிவைப்பினாலேயே தூண்டப்பட்டவை.

இனி ஆய்வு நிலையத்தார் செய்வதென்ன? மணாலியை அடுத்த பாஹங், சோலங், துந்தி, அதற்கப்பால் லே செல்லும் சாலையில் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள பட்சியோ ஆகிய இடங்களில் அவர்களுடைய நோக்கு நிலையங்கள் அமைந்தன. அங்கே காலையும் மாலையும் நோக்கர் வெளியே செல்கிறார். நட்ட அளவுகோலில் பனியின் உயரத்தைப் பார்க்கிறார்; புதுப்பனியை நிறுக்கிறார்; காற்றையும் வெப்பநிலையையும் குறிக்கிறார். குறித்த நாட்களில் தரை வரையில் குழி தோண்டி, அதன் சுவரில் ஏடுகளை எண்ணுகிறார்.

ஏட்டின் உறுதியை அறியும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மூடிய முட்டி எளிதில் உள்ளே சென்றால் அது மிக மெலிந்த ஏடு. முட்டி செல்லாமல் நான்கு விரல் சென்றால் சற்று உறுதி, பிறகு ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியில் கத்தி முனை. கத்திக்கும் பென்சிலுக்கும் இடந்தந்த இரு வலிய ஏடுகளுக்கு நடுவே முட்டி நுழையும் ஏடொன்று இருக்குமாயின், அங்கேதான் பகை ஒளிந்திருக்கிறது. பின்னர் ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள பனித்தூணை வெட்டி நிறுத்தி, அதன்மேல் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுகின்றனர். மணிக்கட்டு அசைய பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் முறிகிறது என்பதே கணக்கு. இரண்டாம் மூன்றாம் தட்டிலேயே முறிந்தால், அந்தச் சாரலில் ஒருவரும் கால் வைத்தலாகாது.

இன்று தாமே இயங்கும் வானிலைக் கருவிகளும், வானில் சுற்றும் துணைக்கோள்களும் இவர்களுக்கு உதவுகின்றன. 2022-ஆம் ஆண்டில் வட சிக்கிமில், சரிவு தொடங்கிய சில நொடிகளிலேயே அதைக் கண்டுகொள்ளும் ராடார் ஒன்று நிறுவப்பட்டது. ஆயினும் பனியின் உள்ளே ஒளிந்த மெலிந்த ஏட்டைக் காண, இன்றும் மண்வெட்டி ஏந்திய மனிதர் வேண்டியிருக்கிறார்.

அறிவதோடு பணி முடிவதில்லை. சரிவு பிறக்கும் சாரலிலேயே எஃகு வேலிகளையும் வலைகளையும் நிறுத்திப் பனியை நகரவிடாமல் தடுக்கலாம். வரும் வழியில் மண்மேடுகளும் கரைகளும் எழுப்பி வேகத்தைக் குறைக்கலாம், திசை திருப்பலாம். சாலைக்குமேல் சாய்கூரை அமைத்துச் சரிவு மேலே ஓட, வண்டிகள் கீழே செல்லச் செய்யலாம். முடிந்தால் மலையைக் குடைந்து பனிக்கு அடியிலேயே சென்றுவிடலாம். சுமார் 13,000 அடி உயரமுள்ள ரோதங் கணவாய் மூடும்போதெல்லாம் லாகுல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் அந்த இடரை நீக்கியது.

ஆனால் இமயம் முழுவதற்கும் வேலியிட எந்த அரசாலும் இயலாது. ஆதலின் எஞ்சியிருக்கும் பெருங்காவல் எச்சரிக்கையே. இங்கேதான் நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி பிறக்கிறது. எச்சரிக்கை விடுப்பது விஞ்ஞானியின் செயல். அதைக் கேட்டு எழுந்து நகர்வது யார் செயல்?

லாகுலில் 1979-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவுகள் கொண்டன. 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசுமீரத்தின் வால்டெங்கு நாட் என்னும் சிற்றூரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் கயாரியில் 140 பேரைப் பாகிஸ்தான் இழந்தது. பனிக்குக் கொடியும் தெரியாது, எல்லையும் தெரியாது.

அண்மையில் நிகழ்ந்தது நம் சிந்தனைக்கு உரியது. பத்ரிநாத்துக்கு அருகே மானா என்னும் ஊர் உள்ளது. குளிர்காலம் வந்ததும் கோயில் நடை சாத்தப்படும். ஊர் மக்களும் கால்நடைகளுடன் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவர். அது பல தலைமுறையாய்க் கற்ற பாடம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் காலையில், அவ்வூரார் இல்லாத அவ்விடத்தில், சாலைப் பணியாளர் 54 பேர் இரும்புப் பெட்டி அறைகளில் தங்கியிருந்தனர். அம்மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தின நாளே விடப்பட்டிருந்தது. சரிவு வந்தது. இரும்பு அறைகளுள் எஞ்சிய காற்றும், படைவீரர்களின் இடைவிடா உழைப்பும் 46 பேரைக் காத்தன, எண்மர் உயிரிழந்தனர்.

இங்கே எவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. ஓர் எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கோ ஒரு மலைத்தொடருக்கோ உரியது. இந்தச் சாரல், இந்த மணி என்று அது சுட்டுவதில்லை. பத்து முறை எச்சரித்து ஒன்பது முறை ஒன்றும் நேராதபோது, பத்தாம் முறை எழுந்து செல்ல மனம் வருவதில்லை. வேலை நின்றால் கூலி நிற்கும். சாலை நின்றால் படைக்கு உணவு நிற்கும். இவையெல்லாம் மெய்யான இடர்ப்பாடுகள். ஆனால் புதையுண்டவருக்குப் பனி தரும் தவணை மிகச் சிறிது. சுவிட்சர்லாந்தில் பல்லாண்டுகள் திரட்டிய கணக்கின்படி, முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். 35 நிமிடங்கள் கடந்தாலோ மூவரில் ஒருவரே. ஹனுமந்தப்பாவின் ஆறு நாட்கள் ஒரு வியப்பு. அதை வழக்கமாக எண்ணுதல் கூடாது. தொலைவிலிருந்து வரும் உதவி 15 நிமிடங்களில் வந்து சேராது. உடன் சென்ற தோழனே காப்பாற்ற வேண்டும். அவனிடம் அடையாள ஒலிபரப்பியும் நீண்ட துழாவுகோலும் மண்வெட்டியும் இருக்க வேண்டும்.

அதனினும் சிறந்தது, அன்று அங்கே செல்லாதிருத்தல். முன்னேறுவதே வீரம் என்று நாம் கற்றிருக்கிறோம். பனிமலையிலோ திரும்பி வருவதற்கும் துணிவு வேண்டும். ஒரு பட்டாளத் தலைவர், ஒரு சாலைப் பொறியாளர், ஒரு மலையேற்றக் குழுவின் வழிகாட்டி, "இன்று வேண்டாம்" என்று சொல்லும்போது, அவரைக் கோழை என்னாமல் பொறுப்புடையவர் என்று மதிக்கும் மனநிலை நாட்டில் வளரவேண்டும். அது வளர்ந்தால்தான், உறைபனியில் நின்று காலையும் மாலையும் ஏடுகளை எண்ணும் அந்த நோக்கரின் உழைப்பு பயன் தரும்.

இமயத்தின் வெண்பனியை நாம் வெறுக்க இயலாது. கோடையில் உருகிச் சிந்துவாகவும் கங்கையாகவும் ஓடிக் கோடிக்கணக்கானோர்க்கு நீரளிப்பதும் அதுவே. அதனுடன் வாழ்ந்தாக வேண்டும். வேலூரிலும் தேனியிலும் மதுரையிலும் கிருஷ்ணகிரியிலும் பிள்ளைகளை அம்மலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், அதைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்காகவும் அதைப் பார்ப்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதற்கும் ஒருவர் இருக்க வேண்டும்.