அம்மாவின் சைக்கிள்



இன்ஜினியர் என்பதால் கம்ப்யூட்டர் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது சைக்கிளைப் பற்றி.

எங்க ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததே, அப்போது பழகியவர் என் அம்மா. கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டுவார். பள்ளிக்கூட நேரத்தில் அதே கேரியரில் நான்.

இங்கே விடுதியில் சேர்ந்தபோது அந்த சைக்கிளையே கொடுத்தனுப்பினார். லேடீஸ் சைக்கிள்! வெட்கப்பட்டு முதல் செமஸ்டர் முழுக்க மெஸ்ஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பேச்சு மலரில் அச்சானால், எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்வார்.

வேலைக்குப் போனதும் பைக், பிறகு கார். முப்பத்துமூன்று வயதில், சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர். ஊரிலிருந்து அதே சைக்கிளை எடுத்துவந்து, செயின் மாற்றி, ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டர் மிதிக்கிறேன். முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டர். மேம்பாலத்தில் மட்டும் இறங்கித் தள்ளுவேன். அதிலென்ன கௌரவக் குறைச்சல்? சர்க்கரை இறங்கிவிட்டது. பெட்ரோல் மிச்சம் என்பது என் மனைவியின் கணக்கு.

போன தீபாவளிக்கு வந்த அம்மா, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்குடா" என்றார்.