வாசலில் பூக்கட்டும், குவளைக்கு வர வேண்டாம்



தாமான் வீடுகளின் முன்வாசல், கோயில் வளாகம், சாலையோரம் என எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் குட்டைச் செடி ஒன்று உண்டு. ஐந்து இதழ் விரித்து, இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும். நம்மவர்கள் அதை நித்தியகல்யாணி என்பார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சினா என்பார்கள். தமிழகக் கிராமங்களில் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

இதை வளர்ப்பது சுலபம். இதை வைத்து வாய்வழியாகப் பரவும் ஒரு கைவைத்தியம்தான் ஆபத்து. செடி வைத்திருக்கும் வீட்டினருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வளர்ப்பு. நித்தியகல்யாணி பெரும்பாலும் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். நிழலில் வைத்தால் தண்டு நீளும், பூ குறையும். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம் என்று கலந்தால் தண்ணீர் தேங்காது.

இந்தச் செடிக்குப் பெரிய எதிரி தண்ணீர்தான். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும். அடைமழைக் காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தி வையுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் உடனே கொட்டிவிடுங்கள். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரமே போதும்.

கன்று நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர் போல் அடரும். உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் செழிக்கும். பூ உதிர்ந்த இடத்தில் இரட்டைக் காய்கள் மெலிதாக நீளும். அவை பழுப்பாகி வெடிக்கும் முன் பறித்தால் உள்ளே கறுப்பு விதைகள் கிடைக்கும். இருட்டில் நன்றாக முளைக்கும் விதை என்பதால் மேலே மெல்லியதாக மண் மூடுங்கள். பூக்கள் பச்சையாகி, இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாக வந்தால் அது பூச்சி பரப்பும் நோய். அதற்கு மருந்து இல்லை. பக்கத்துச் செடிகளுக்குத் தொற்றும் முன் பிடுங்கி எறிவதே நல்லது.

இனி இரண்டாவது விஷயம். இதன் பூவையோ இலையையோ கொதிக்க வைத்து வெறும் வயிற்றில் குடித்தால் இனிப்பு நீர் இறங்கும் என்று பல வீடுகளில் சொல்லப்படுகிறது. உலகின் பல நாடுகளிலும் இந்த நம்பிக்கை இருந்திருக்கிறது. ஜமைக்காவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து வந்த இலைகள் கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளரின் கைக்குக் கிடைத்தன. இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ எலிகள் இறந்துபோயின. காரணம், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரிந்துவிட்டன.

அந்த நஞ்சிலேயே ஒரு மருந்து இருக்கலாம் என்று ஆய்வு தொடர்ந்தது. நோபலும் சார்ல்ஸ் பீரும் பிரித்தெடுத்த பொருளே வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. இதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இன்றும் இன்றியமையாதது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் விவசாயிகள் இதை மானாவாரிப் பயிராகவே வளர்க்கிறார்கள்.

"புற்றுநோய்க்கே மருந்தாகும் செடி, குடித்தால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனையில் அந்த மருந்தை உடல் அளவுக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே சிகிச்சை தருகிறார்கள். அப்படியும் கை கால் மரத்துப்போவது போன்ற பக்க விளைவுகள் வருவதுண்டு. அடுப்படியில் கொதிக்கும் கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாரால் அளக்க முடியும்? கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக்கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவது. இனிப்பு நீர் வலி காட்டாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரித்துவிடும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இந்தக் கஷாயத்தைக் குடித்து வந்தால், அவர்களிடம் கோபப்படாதீர்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது உடன் சென்று, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் இலையையும் காயையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நித்தியகல்யாணி வாசலுக்கு அழகு. நாள்தோறும் சாமிக்கும் பூ தரும். அந்த அளவில் அதைக் கொண்டாடுங்கள். மருந்தாக்கும் வேலையை அதற்கென்று படித்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.