புனேயில் படம் பார்ப்பது: பழக்கமா, பண்டிகையா?

சினிமாவுக்குப் போவது அன்றாட காரியங்களில் ஒன்றா, எப்போதாவது வாய்க்கும் கொண்டாட்டமா? புனேயில் இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கேட்டால் இரண்டாவது பதில்தான் வரும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை மாலை விமான் நகரிலோ ஹடப்சரிலோ உள்ள ஒரு மாலுக்குப் போய், படம் பார்த்து, பாப்கார்ன் வாங்கி, வண்டி நிறுத்தவும் காசு கொடுத்துத் திரும்பினால் செலவு ஆயிரம் ரூபாயோடு நிற்காது. அதனால் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது: பிறந்தநாள், ஊரிலிருந்து விருந்தாளி, பெரிய நடிகரின் படம். காலம் மாறிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். ரசனை மாறியது விளைவு என்றுதான் எனக்குப் படுகிறது. படங்கள் நம்மிடம் வந்து சேரும் முறை முதலில் மாறியது. சினிமா முழுக்க முழுக்கப் பண்டிகையாகிவிட்டால் நஷ்டம் நம் பர்ஸுக்கு மட்டும் இல்லை, அந்தக் கலைக்கும்தான். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

இந்த நகரத்தின் பழைய வரைபடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மண்டை காய்கறிச் சந்தைப் பக்கத்தில் 1915-இல் ஆர்யன் தியேட்டர் தொடங்கியது. அப்பா பல்வந்த் சௌக்கில் 1934-இல் திறந்த கிபே லக்ஷ்மி, படத் தயாரிப்பு நிறுவனமான பிரபாத் கம்பெனியின் கைக்கு வந்து, பல தலைமுறைகளுக்குப் பிரபாத் டாக்கீஸ் என்றே அறிமுகம். லக்ஷ்மி சாலையில் விஜய், அதைத் தாண்டினால் அல்கா. பேட்டைகளில் குடியிருந்தவர்களுக்கு இவையெல்லாம் நடந்துபோகும் தூரம். காய்கறி வாங்கப் போகும் இடம், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கப் போகும் இடம், படம் பார்க்கப் போகும் இடம் எல்லாம் ஒரே சுற்றுக்குள் இருந்தன. ஒரு காரியத்துக்காகத் தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை என்றால் அது சீக்கிரம் பழக்கமாகிவிடும். மாலுக்குப் போவதோ ஒரு பயணம். அதற்கு நாள் பார்க்க வேண்டும், உடை மாற்ற வேண்டும்.

தூரத்தையும் விலையையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு படம் ஒரு தியேட்டரில் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் அது. 1936-இல் புனே பிரபாத் ஸ்டுடியோவில் எடுத்த 'சந்த் துகாராம்' மும்பையில் ஒரே தியேட்டரில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது. 'ஷோலே' மும்பை மினர்வாவில் ஐந்து ஆண்டுகள் இருந்தது. இவற்றைச் சாதனைக் கணக்காகவே சொல்லிப் பழகிவிட்டோம். இன்னொரு பக்கமும் உண்டு. ஓராண்டு ஓடும் படத்துக்கு இன்றைக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பளம் வந்த பிறகு போகலாம், மழை விட்ட பிறகு போகலாம், பிடித்திருந்தால் மறுபடியும் போகலாம். பிலிம் பிரதி எடுக்கச் செலவு அதிகம். ஆகவே பிரதிகள் குறைவு. ஆகவே ஒரு பிரதி ஓர் ஊரில் நெடுநாள் தங்கிச் சம்பாதித்தாக வேண்டும். டிஜிட்டல் முறை வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. ஒரே வெள்ளிக்கிழமையில் ஆயிரக்கணக்கான திரைகளில் படம் இறங்குகிறது. முதல் மூன்று நாள் வசூலே தலையெழுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை அது எந்தத் திரையில், எந்தக் காட்சியில் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருவிழாவும் இப்படித்தான், குறித்த நாளில் போகாவிட்டால் போயிற்று. பார்வையாளர் பண்டிகையைத் தேடிப் போகவில்லை. வியாபாரம் படத்தைப் பண்டிகை ஆக்கிவிட்டு அவரை அழைக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மராத்தா மந்திரில், 1995 அக்டோபரில் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' கொரோனா காலம் போன்ற இடைவெளிகள் தவிரத் தொடர்ந்து ஓடிவருகிறது. பெரும்பாலும் முற்பகலில் ஒரு காட்சி, மிகக் குறைந்த டிக்கெட் விலை. ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் வெளியூர் பேருந்தில் வந்து இறங்கியவர்களும் வெயிலுக்கு ஒதுங்குபவர்களும் போகிறார்கள். காதல் படம் என்ற முறையில் அதைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் அங்கே படம் பார்ப்பது தேநீர் குடிப்பதுபோல் சாதாரண காரியமாக இருக்கிறது. இந்தக் காலத்திலும் அது முடியும் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதுமான சாட்சி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தக் காலத்திலும் சினிமா எல்லோருக்கும் அன்றாடமாக இருந்ததா என்ன? இல்லை. மகாராஷ்டிரக் கிராமங்களில் ஜாத்ரா என்னும் திருவிழாக்களோடு கூடாரச் சினிமாவும் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும். 2016-இல் கான் விழாவில் பாராட்டுப் பெற்ற 'தி சினிமா டிராவலர்ஸ்' ஆவணப்படம் அந்தத் தொழிலின் கடைசிக் காலத்தைப் பதிவுசெய்திருக்கிறது. அந்தக் கிராமத்தாருக்குப் படம் ஆண்டில் சில நாள் வரும் விருந்துதான். தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் மலிவாக இருந்தாலும், வீட்டுப் பெண்கள் நினைத்த அன்று கிளம்பிப் போய்விட முடியாது. பொங்கலோ தீபாவளியோ வரவேண்டும், அல்லது துணைக்கு யாராவது வரவேண்டும். வாரம் இரண்டு படம் பார்த்தவர் பெரும்பாலும் நகரத்து ஆண், கையில் சில்லறை உள்ளவர். இதை மறைத்துவிட்டுப் பழைய தியேட்டர்களுக்காக ஏங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது அந்தப் பழக்கம் எல்லோருக்கும் பரவவில்லை என்பதைத்தான். அது தேவையில்லை என்பதை அல்ல. இன்று பெண்கள் தனியாகவும் தோழிகளோடும் எந்தக் காட்சிக்கும் போக முடிகிற சூழல் பெருமளவு வந்திருக்கிறது. அந்தக் கதவு திறக்கும் நேரத்தில் டிக்கெட் எட்டாத உயரத்துக்குப் போனதை நல்ல மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

விலை என்று வந்தால் கையில் சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 23 அன்று நாடெங்கும் மல்டிபிளெக்ஸ்கள் தேசிய சினிமா தினம் என்று சொல்லி 75 ரூபாய்க்கு டிக்கெட் விற்றன. அன்று வெள்ளிக்கிழமை, பண்டிகை விடுமுறையும் இல்லை. சுமார் 65 லட்சம் பேர் வந்ததாகத் தியேட்டர்காரர்களின் சங்கமே அறிவித்தது. ஒருநாள் தள்ளுபடியும் ஒருவகைத் திருவிழாதானே என்று கேட்கலாம். உண்மைதான், மக்களுக்கு ஆசை போய்விடவில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது 2023 அக்டோபரில் பிவிஆர் ஐநாக்ஸ் கொண்டுவந்த திட்டம்: மாதம் 699 ரூபாய் கட்டினால் திங்கள் முதல் வியாழன் வரை பத்துப் படம் பார்க்கலாம் என்றார்கள். பண்டிகை வியாபாரத்தின் மிகப் பெரிய நிறுவனமே வாரநாட்களில் காலி நாற்காலிகளை வைத்துக்கொண்டு பழக்கத்தை விலைக்கு வாங்கப் பார்த்தது என்றால், பண்டிகை மட்டும் அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை என்றுதானே பொருள்? அதே சமயம் விலையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் அரசு டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-இல் மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று நிர்ணயித்தது. சென்னையின் பெரிய அரங்குகளில் முன்வரிசைப் பத்து ரூபாய் டிக்கெட் பல ஆண்டுகள் நீடித்தது. இருந்தும் அங்கேதான் முதல்நாள் முதல் காட்சி என்பது பாலாபிஷேகத்தோடு பெருந்திருவிழாவாக வளர்ந்தது. முதல் மூன்று நாள் கணக்கு மாறாதவரை விலைக் கட்டுப்பாடு பாதி மருந்துதான். மீதிப் பாதியில் தின்பண்டமும் அடக்கம். 2018-இல் இதே புனேயில் பாப்கார்ன் விலைக்கு எதிராகப் போராட்டமே நடந்தது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, குடிநீர் மட்டும் இலவசமாகத் தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். வீட்டு முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாத இடத்துக்கு அடிக்கடி போக யாருக்கும் மனம் வராது.

வீட்டுத் திரையில் அன்றாடம் படம் கிடைக்கும்போது தியேட்டர் கொண்டாட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது இன்னொரு வாதம். முதியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வீட்டுத் திரை பெரிய வரம். அதில் சந்தேகமில்லை. ஆனால் கலையை நிர்ணயிப்பது இன்னமும் தியேட்டர் வசூல்தான். பல ஓடிடி நிறுவனங்கள் இப்போது தியேட்டரில் படம் எப்படிப் போனது என்று பார்த்துத்தான் விலை பேசுகின்றன. பழக்கம் முறிந்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் முன்பே பார்த்துவிட்டது. 1946-இல் அங்கே 163 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றது. ஐந்து கோடிக்கும் குறைவான மக்கள் சராசரியாகப் பதினொரு நாளுக்கு ஒரு படம் பார்த்தார்கள். தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்த பிறகு, 1984-இல் டிக்கெட் விற்பனை 5.4 கோடியாகச் சுருங்கியது. பிறகு மல்டிபிளெக்ஸ் கட்டி எவ்வளவோ முயன்றும் 2010-களில் சுமார் 17 கோடியைத்தான் எட்ட முடிந்தது. பழக்கம் ஒருமுறை போனால் கட்டடம் கட்டித் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை.

அரிதாகப் பார்த்தால்தானே மதிப்பு என்று கேட்பவர்களுக்குப் புனேயே பதில் வைத்திருக்கிறது. 1953 முதல் நடக்கும் சவாய் கந்தர்வ இசைவிழா ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருவிருந்து. குளிரில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து கேட்கிறார்கள். அந்தக் கூட்டம் டிசம்பரில் திடீரென்று முளைப்பதில்லை. ஆண்டு முழுவதும் இந்த ஊரின் வீடுகளிலும் சிறு அரங்குகளிலும் பாட்டு வகுப்பும் பைட்டக் என்னும் சிறு கச்சேரியும் நடப்பதால்தான் விழாவில் கேட்கத் தெரிந்த காதுகள் இருக்கின்றன. அந்த அன்றாடம் இல்லாமல் விழா மட்டும் இருந்தால் மேடையும் ஒலிபெருக்கியும்தான் மிஞ்சும்.

படம் பார்ப்பதும் பழகப் பழக வருகிற வித்தைதான். இதை நிறுவனமாகவே கட்டிக் காட்டிய ஊர் புனே. 1933-இல் கோலாப்பூரிலிருந்து இங்கே வந்த பிரபாத்தின் அதே வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் அங்கே உலகப் படங்களையும் இந்தியப் படங்களையும் சேர்த்துவைத்தார். மாணவர்கள் ஓயாமல் பார்த்தார்கள். மட்டக்களப்புக்கு அருகே பிறந்த பாலு மகேந்திரா இங்கே ஒளிப்பதிவு படித்தார். 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமும், 'ஏழாவது மனிதன்' எடுத்த ஹரிஹரனும் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள். நல்ல படமும் சுமாரான படமும் மோசமான படமும் கலந்து பார்த்த கண்கள் அவை.

பொதுப் பார்வையாளருக்கும் இதே கதைதான். வாரம் ஒரு படம் பார்ப்பவருக்கு ஒரு படம் மோசமாக அமைந்தால் பெரிய இழப்பில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதனால் அவர் பெயர் தெரியாத இயக்குநரையும் துணிந்து பார்ப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயிரத்துக்கு மேல் செலவழிக்கும் குடும்பம் அந்த ஆபத்தில் இறங்காது. அதற்கு உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதம் என்றால் பெரிய நட்சத்திரம், இரண்டாம் பாகம், வெடிச் சத்தம். கிழவனுக்குக் கட்டிவைக்கப்பட்டு அதை ஏற்க மறுக்கும் பெண்ணின் கதையான 'குங்கூ'வை 1937-இல் பிரபாத் எடுக்க முடிந்ததென்றால், கம்பெனியின் பெயரை நம்பி அடிக்கடி வரும் கூட்டம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்று மராத்தியில் நல்ல சிறு படங்கள் வருகின்றன, அவற்றுக்குக் காட்சி நேரம்தான் கிடைப்பதில்லை. 2015-இல் மாநில அரசு, மல்டிபிளெக்ஸ்கள் மாலை 6 முதல் 9 மணிக்குள் மராத்திப் படம் போடவேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் மதியம் 12 முதல் இரவு 9 வரை என்று தளர்த்திக்கொண்டது. உத்தரவு போட்டுத் திரையை வாங்கிவிடலாம், பார்வையாளரை வாங்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு அன்றாடத்தின் பக்கம். பண்டிகைப் படங்கள் வரட்டும். நானும் கைதட்டத் தயார். தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு திரையையாவது ஒதுக்கி, எல்லா நாளும் ஒரே குறைந்த விலையில், ஒரு படத்தை நான்கு வாரம் மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். நேயர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் வேலை முடிந்து வரும் ஒரு சாதாரண நாளில், யாரும் பெரிதாகப் பேசாத ஒரு படத்துக்கு டிக்கெட் எடுங்கள். படம் சரியில்லை என்றால் அதற்கடுத்த வாரமும் போங்கள்.